மாணவர்களின் நேரக் கணக்கும் ஆசிரியர்களின் பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்வியாண்டு தொடங்கும்போதும் தேர்வு நெருங்கும்போதும் கல்லூரி மாணவர்களுக்கான அறிவுரைகள் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அதிகாலையில் எழுந்திருங்கள், கால அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்னும் மூன்றும் அவற்றில் மாறாமல் வரும். இவற்றில் பெரிய தவறு எதுவும் இல்லை. ஆனால் கல்லூரியில் நீண்ட காலமாகப் பாடம் நடத்தி வரும் எனக்கு, மாணவர்கள் உண்மையில் இடறும் இடத்தை இந்த அறிவுரைகள் தொடாமலேயே கடந்து போவதாகத் தோன்றுகிறது. பெரும்பாலான மாணவர்கள் இடறுவது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில்தான். அந்தக் கணிப்பை அவர்களுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. கற்றுத் தர வேண்டிய கல்லூரிகளோ, தேதிகளை வைக்கும் விதத்தால் பல சமயங்களில் அதை இன்னும் குழப்பிவிடுகின்றன. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் சந்திக்கும் முதல் மாற்றம் பாடத்தின் கடினம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே வேறொன்று மாறிவிடுகிறது. பள்ளியில் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மாணவரிடம் இருப்பதில்லை. மணி அடித்தால் அடுத்த பாடம், இன்று கொடுத்த வீட்டுப்பாடத்தை நாளை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அப்போதே கேள்வி வரும். கல்லூரியிலோ பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டு எட்டாம் வாரத்தில் கட்டுரையை ஒப்படைக்கச் சொல்கிறோம். இடைப்பட்ட ஆறு வாரங்களில் அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. போதாததற்கு, வகுப்புகளுக்கு நடுவே ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டு துண்டாக நேரம் வேறு கிடைக்கிறது. அதுவரை பிறர் வகுத்த நேரத்திலேயே நடந்து பழகிய ஒருவரிடம் ஆறு வார அவகாசத்தை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர் அதைச் சிதறடித்துவிட்டார் என்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகாது.

நேரத்தைத் தவறாகக் கணிப்பது மாணவர்களுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டி, திட்டமிடல் பிழை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். முன்பு இதே போன்ற வேலைகள் இழுத்துக்கொண்டே போனதை நன்றாக அறிந்தவர்கள்கூட, இப்போது கையில் இருக்கும் வேலை மட்டும் சிக்கலின்றி முடிந்துவிடும் என்றே நம்புகிறார்கள். மாணவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் அதை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது, சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கும் சுமார் 49 நாள் என்றுதான் பதில் வந்தது. உண்மையில் ஆனதோ சராசரியாக 55 நாள்களுக்கு மேல். தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துக்கு மூவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். இதில் என்னை யோசிக்க வைப்பது நடுவில் உள்ள எண். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொல்லியும், அந்தக் கற்பனைகூட நடப்பை எட்டவில்லை. ஆகவே, கொஞ்சம் கூடுதலாக நேரம் வைத்துக்கொள் என்று மாணவரிடம் சொல்வதால் பெரிய பயன் இல்லை. எவ்வளவு கூடுதல் என்பதை அவர் ஊகித்துச் சொல்ல முடியாது. தாம் முன்பு செய்த வேலைகளின் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிழை எங்கே நுழைகிறது என்பதை ஒரு சாதாரண அசைன்மென்ட்டை வைத்தே பார்க்கலாம். பத்துப் பக்கக் கட்டுரை எழுத வேண்டிய மாணவர் தம் நோட்டில் ‘சனிக்கிழமை – கட்டுரை’ என்று குறித்து வைக்கிறார். மணிக்கு இரண்டு பக்கம் எழுதலாம், ஐந்து மணி நேரம் போதும் என்பது அவருடைய மனக்கணக்கு. எழுதும் வேகத்தைப் பொறுத்தவரை அதில் தவறு இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்த பிறகுதான், தலைப்பில் உள்ள ‘ஒப்பிட்டு ஆராய்க’ என்பதற்கு எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதே தெளிவாக இல்லை என்று தெரிகிறது. நண்பரைக் கேட்டால் அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நூலகத்தில் இருக்க வேண்டிய இரண்டு நூல்களில் ஒன்றை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த ஆய்வுக் கட்டுரை முப்பது பக்கம். தமக்கு வேண்டிய நான்கு பக்கங்கள் எவை என்று கண்டுபிடிப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடுகிறது. எழுதி முடித்தபின் மேற்கோள்களைத் துறை கேட்கும் முறையில் அடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று குறித்து வைக்காததால் மறுபடியும் தேடல். கடைசியில் அச்செடுக்கப் போனால் பக்க ஓரங்கள் நகர்ந்து, படம் பாதியில் வெட்டுப்பட்டு வருகிறது. ஐந்து மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்ததை அவர் ஐந்து மணி நேரத்தில்தான் எழுதினார். எழுத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வேலைக்குத்தான் அவருடைய நோட்டில் இடமே இல்லை.

இதற்கு மாற்று, ‘கட்டுரை’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதாமல், அடுத்துக் கை வைக்க வேண்டிய செயல்களை எழுதுவது. தலைப்பை ஊன்றிப் படித்துப் புரியாததை ஆசிரியரிடம் கேட்பது, இரண்டு நூல்களையும் நூலகத்தில் சொல்லி வைப்பது, ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படித்து வேண்டிய பகுதியைக் குறித்துக்கொள்வது என்று எழுதும்போது, ஒவ்வொன்றும் அரை மணி அல்லது ஒரு மணி நேர வேலையாகச் சுருங்கிவிடுகிறது. எவையெல்லாம் பிறர் கையில் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் கண்ணில் படுகிறது. ஆசிரியரின் விளக்கம், நூலகத்திலிருந்து வரவேண்டிய நூல், குழுவில் இன்னொருவர் முடித்துத் தர வேண்டிய பகுதி ஆகியவற்றில் வேலை கொஞ்சம், காத்திருப்பு அதிகம். ஆகவே அவற்றை முதல் வாரத்திலேயே கிளப்பிவிட்டால், வேறு பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காத்திருப்பு கழிந்துவிடும். கூடவே, ஒரு வேலையைத் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் ஓரத்தில் குறித்து வைக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த செய்முறை அறிக்கைக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது என்று தம் கையெழுத்திலேயே பார்க்கும் மாணவர், அடுத்த அறிக்கைக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குகிறார். யாரும் அவருக்கு உபதேசம் செய்ய வேண்டியிருப்பதில்லை. பருவம் முழுக்க இப்படிக் குறிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு வகை வேலைக்கும் இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் கணிப்பு ஓரளவு நேராகிவிடும்.

அடுத்தது வாரக் கணக்கு. ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று 56ஐக் கழித்தால் 112. வகுப்புக்கும் செய்முறைக்கும் 30 மணி நேரம் போனால் 82. குளியல், சாப்பாடு, துணி துவைத்தல், போய்வரும் பயணம் எல்லாம் சேர்த்து நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் 28 குறைந்து 54. வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே ஒரு மணி நேரம் படிப்பதாகக் கொண்டால், இன்னொரு 30 போய் 24 மணி நேரம் கையில் நிற்கும். நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். விளையாட்டுக்கும் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் பகுதிநேர வேலைக்காக வாரத்தில் 20 மணி நேரம் செலவிடும் மாணவருக்கு மிஞ்சுவது நான்கே மணி நேரம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அதுவும் போய்விடும். அவரிடம் சென்று நேரத்தைத் திட்டமிடு என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொள்ளும் வசதியோ, வேலை நேரத்தைக் குறைக்க உதவும் உதவித்தொகையோ, ஒப்படைக்கும் தேதியில் சற்றுத் தளர்வோதான் அவருக்குத் தேவை. இந்தக் கழித்தலை ஒவ்வொரு மாணவரும் தமக்குரிய எண்களை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், தம் சிக்கல் ஒழுங்கின்மையா, அல்லது உண்மையிலேயே சுமை எல்லை மீறிவிட்டதா என்பது தெரிந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து அறிவுரை சொல்வது, ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருப்பவரிடம் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்துவதாகும்.

பெற்றோர் பெரிதும் விரும்பும் கால அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்ணப் பேனாக்களால் கட்டம் கட்டி, காலை ஐந்து மணி முதல் இரவு பத்தரை வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் நிரப்பிய அட்டவணைகளை மாணவர்கள் என்னிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஞாயிறு இரவு போட்ட அட்டவணை, செவ்வாய் மாலை ஒரு தலைவலியிலோ நீண்டுபோன செய்முறை வகுப்பிலோ அறுந்துவிடுகிறது. அன்று விட்டுப்போன வேலை போய் உட்கார வேறு கட்டம் இல்லை. எனவே மாணவர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இழப்பதில்லை. அடுத்த திங்கள் முதல் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முழு அட்டவணையையும் மூட்டை கட்டிவிடுகிறார். நாளுக்குப் பதிலாக வாரத்தை அளவாக வைத்துக்கொள்வதே இதற்குச் சரியான வழி என்பது என் கருத்து. இந்த வாரத்தில் முடிந்தாக வேண்டியவை எவை என்று எழுதி, அவற்றில் கடினமானவற்றுக்கு மட்டும் நிலையான நேரங்களை ஒதுக்கி, வாரத்தில் ஓர் அரை நாளை எதுவும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். சரிந்துபோன வேலைகள் வந்து சேர்வதற்கான இடம் அது. சிலர் அதைச் சோம்பலுக்கு விட்ட இடம் என்பார்கள். அட்டவணையின் மிக முக்கியமான பகுதி அதுதான் என்பேன் நான். அதிகாலை மோகத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் உடலின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. இரவு பத்து மணிக்குத் தெளிவாகப் படிக்கும் ஒருவரைக் காலை நான்கு மணிக்கு எழுப்பி உட்கார வைத்தால், புத்தகத்தின் முன் ஓர் உடல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒழுங்கு என்ற பெயரில் மாணவர்கள் செய்ய வேண்டியது உண்மையில் மிகக் கொஞ்சம். தேதிகள் இன்று எத்தனை வழிகளில் அவர்களை வந்தடைகின்றன என்று பாருங்கள். ஒரு பேராசிரியர் வகுப்பு முடியும் தறுவாயில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மூன்றாமவர் மின்னஞ்சல் அனுப்புகிறார். தேர்வுத் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. திருத்திய தேதி கல்லூரியின் இணையதளத்தில் மட்டும் இருக்கிறது. இவை அத்தனையும் அன்றைக்கே ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அது நோட்டா, கைப்பேசியில் உள்ள நாட்காட்டியா என்பது எனக்குப் பொருட்டில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டால்தான் எதில் எழுதினோம் என்று தேட வேண்டியிருக்கும். புதுப்புதுச் செயலிகளைப் பதிவிறக்கி அவற்றுக்கு நிறம் தீட்டுவதில் ஒரு மாலையைக் கழிப்பதும் வேலையைத் தள்ளிப்போடும் ஒரு வழிதான் என்பதை மாணவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

கணினிக் கோப்புகளின் கதை இன்னும் வேடிக்கையானது. ‘பைனல்’, ‘பைனல் புதியது’, ‘இதுதான் பைனல்’ என்ற பெயர்களில் மூன்று கோப்புகள் இருக்கும். ஒப்படைக்கும் நாளில் பதற்றத்தில் தவறானது போய்ச் சேரும். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்த்தால், கணினி அவற்றைத் தானாகவே காலவரிசையில் அடுக்கிக் காட்டிவிடும். ஒரு நகலை வேறிடத்திலும் சேமித்து வைக்க வேண்டும்.

எழுதி வைப்பதால் நினைவாற்றலுக்கு மட்டும் நன்மை என்று எண்ண வேண்டாம். முடிக்காத வேலை வேறொன்றைச் செய்யும்போதும் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டத்தை எழுதிவிட்டால், வேலை இன்னும் முடியாத நிலையிலேயே அந்த அரிப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது என்பதை மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம், வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதிய இளைஞர்கள், முடித்துவிட்ட வேலைகளை எழுதியவர்களைவிட விரைவாகத் தூங்கிப்போனார்கள் என்று 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு கண்டது. தேர்வுக் காலத்தில் தூக்கம் வரவில்லை என்று சொல்லும் மாணவர்களுக்கு இந்த ஐந்து நிமிடத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இனி, ஆறப்போடும் பழக்கம். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வழக்கமாகிவிட்டது. டைஸ், பாமைஸ்டர் என்ற ஆய்வாளர்கள் ஒரு பருவம் முழுக்க மாணவர்களைக் கவனித்து 1997இல் வெளியிட்ட முடிவு வேறொன்றைச் சொல்கிறது. வேலையைத் தள்ளிப்போட்ட மாணவர்கள், பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் குறைவாகவே கொண்டிருந்தார்கள். பருவத்தின் முடிவில் நிலைமை தலைகீழாகி, இரண்டுமே அவர்களிடம் அதிகமாயின, மதிப்பெண்களும் குறைந்தன. அதாவது தள்ளிப்போடுவது அந்த நேரத்துக்கு உண்மையிலேயே நிம்மதி தருகிறது. அதனால்தான் அது விடாமல் ஒட்டிக்கொள்கிறது. மாணவர் எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் அது எங்கே தொடங்குவது என்று தெரியாத வேலையாகவோ, தொடங்கினால் தம் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சும் வேலையாகவோ இருக்கிறது. அந்த அச்சத்தைத் திட்டுவதால் போக்க முடியாது. முதல் அடியைச் சிறிதாக்குவதால் ஓரளவு குறைக்க முடியும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் வலியுறுத்திய எளிய முறை ஒன்று இங்கே கைகொடுக்கும். ‘இந்த வாரம் கட்டுரையைத் தொடங்குவேன்’ என்று எண்ணுவதற்குப் பதிலாக, ‘செவ்வாய்க்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து முதல் பத்தியை எழுதுவேன்’ என்று இடமும் வேளையும் சேர்த்து முடிவெடுத்தால், அந்த வேளை வரும்போது மீண்டும் ஒருமுறை மனத்தோடு வழக்காட வேண்டியிருக்காது. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது உருவாக்கிய 25 நிமிட முறையும், அதாவது கடிகாரத்தில் 25 நிமிடம் வைத்து ஒரே வேலையைச் செய்து, மணி அடித்ததும் சற்று ஓய்வெடுப்பதும், தொடங்குவதற்கு உதவும். ஆனால் 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. கணிதத்தில் ஒரு நிறுவல் பாதியில் இருக்கும்போது மணி அடித்தது என்று எழுந்து போவது அறிவீனம்.

கடைசி இரவில் கண்விழித்துப் படிப்பது பலன் தரவில்லை என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள், ஏனெனில் அவர்கள் கண்ணெதிரே அது பலன் தந்திருக்கிறது. ரோடிகர், கார்பிக் ஆகிய இருவரின் 2006ஆம் ஆண்டு சோதனை இந்த முரணை நன்றாக விளக்குகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆகவே நாளைத் தேர்வுக்கு இன்றிரவு மனப்பாடம் உதவலாம். ஆனால் அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் மேல் கட்டப்படும் பாடம் வரும்போது, எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். நேர மேலாண்மை என்று பேசும்போது நாம் நாட்காட்டியைப் பற்றியே பேசுகிறோம்; ஒரே பாடத்தை இருமுறை படிக்க நேரும் வீணடிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. வகுப்பு நடந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கி, நோட்டைப் பார்க்காமல் நினைவில் நிற்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது, வண்ணக் கோடு போட்டு மறுபடி மறுபடி படிப்பதைவிடச் சிக்கனமானது. முதல் சில நாள்கள் தாள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அதைக் கண்டு மாணவர் மனம் தளராமல் இருக்க ஆசிரியர் அருகிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். தூக்கத்தைப் பொறுத்தவரை, 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட பரிந்துரை. படித்தது நினைவில் நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பங்கு இருப்பதால், அதைப் படிப்பு நேரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கைப்பேசியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். ஆகவே அரை நிமிடம் பார்த்துவிட்டு வைத்த செய்தியின் விலை அரை நிமிடத்தோடு முடிவதில்லை. படிக்கும் நேரத்தில் கருவி வேறு அறையில் இருக்கட்டும். மன உறுதியை அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னவை மாணவர்கள் செய்யக்கூடியவை. கல்லூரிகள் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வகுப்பு மாணவர்கள் பருவத்தில் மூன்று கட்டுரைகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒரு பிரிவினர் தேதிகளைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்தபின் தாமதமானால் மதிப்பெண் குறையும். இன்னொரு பிரிவினருக்கு ஆசிரியரே சீரான இடைவெளியில் தேதிகளைக் கொடுத்தார். முதல் பிரிவினர் எல்லாத் தேதிகளையும் பருவத்தின் கடைசி நாளில் வைத்துக்கொண்டிருந்தால் எந்த இழப்பும் இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் முன்னதாகவே தேதிகளை அமைத்துத் தங்களைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். தங்கள் பலவீனத்தை மாணவர்கள் அறிந்தே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இருந்தும் அதிக மதிப்பெண் பெற்றவர்கள், சீரான தேதிகளைப் பெற்ற இரண்டாம் பிரிவினர்தான். ஆறு வாரக் கட்டுரை ஒன்றுக்கு, இரண்டாம் வாரத்தில் அரைப் பக்கச் சுருக்கம், நான்காம் வாரத்தில் முதல் வரைவு என்று இடைத் தேதிகளை வைப்பதற்கு ஒரு துறைக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. சுருக்கத்தைத் திருத்தித் தருவதற்கு ஆசிரியருக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பது உண்மை. கடைசி இரவில் எழுதிய கட்டுரைகளைத் திருத்தும்போது படும் பாட்டோடு ஒப்பிட்டால் அது லாபமே.

இன்னொன்று, எதிர்பார்க்கும் நேரத்தை வெளிப்படையாகச் சொல்வது. ஐரோப்பிய உயர்கல்வியில் பின்பற்றப்படும் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பொதுவாக 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதில் வகுப்பு மட்டுமன்றி, தனியே படிப்பதும் தேர்வுக்குத் தயாராவதும் அடங்கும். அந்த எண் துல்லியமா என்று வாதிடலாம். ஆனால் இந்தக் கட்டுரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று ஆசிரியர் தலைப்போடு சேர்த்து எழுதிக் கொடுத்தால், ஐந்து மணி நேரக் கனவோடு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் மாணவர் அன்றே விழித்துக்கொள்வார். தங்கள் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், ஆசிரியர்களும் தாங்கள் கேட்பது நியாயமான அளவா என்று ஒருமுறை யோசிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எளிதாகச் செய்யக்கூடியதும், அநேகமாக எங்கும் நடக்காததும், தேதிகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது. ஐந்து ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், எல்லோரும் பருவத்தின் நடுவாரத்தையே கெடுவாக வைக்கிறார்கள். அந்த வாரத்தில் மாணவர் எந்த அட்டவணையைப் போட்டாலும் தேறாது. பருவம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் கூடி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே தாளில் எல்லாத் தேதிகளையும் எழுதி, ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் விழுந்தால் மாற்றி அமைத்து, அந்தத் தாளை முதல் நாளே மாணவர்களிடம் கொடுத்துவிடலாம். இப்படிச் செய்து பார்த்த துறைகள் இருந்தால், அவற்றின் ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை உங்கள் நாளிதழில் எழுத வேண்டுகிறேன். குறிப்பாக, தம் தேதியை மட்டும் மாற்ற முடியாது என்று சொன்ன சக ஆசிரியரை எப்படி இணங்க வைத்தார்கள் என்பதை.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்